திருத்துவதற்கு முன்

பிப்ரவரி 6

சின்னவளுக்கு,

நலமா என்று கேட்டால், இரண்டு வருஷம் கழித்துத்தான் கேட்கத் தோன்றியதா என்பாய். கேட்காவிட்டால், காரியம் ஆகவேண்டும் என்று எழுதுகிறாள் என்பாய். இரண்டும் உண்மைதான். அதனால் கேட்டுவிட்டே ஆரம்பிக்கிறேன். நலமா?

"போன்ல ரெண்டு வார்த்தை பேசிட்டாப் போச்சு" என்கிறார் என் வீட்டுக்காரர். நாம் இருவரும் போனில் பேசினால் எது போகும் என்று அவருக்குத் தெரியாது. கடிதம் என்றால் கோபம் வந்த வரியைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு எழுதலாம். மேஜைக்கடியில் ஏற்கெனவே நிறையக் கிழிசல் கிடக்கிறது.

விஷயம் இதுதான். எங்கள் குழு அந்தக் கலங்கரை விளக்க நாடகத்தை மறுபடி மேடையேற்றுகிறது. நீ கல்யாணமாகி வந்த புதிதில் பார்த்து, இறுதிப் பாட்டில் அழுதுவிட்டு, தூசி விழுந்துவிட்டது என்று சொன்னாயே, அதே நாடகம். ஏப்ரலில் முதல் காட்சி. போன வாரம் ஒத்திகையில் இயக்குநர் நான் வாசிப்பதைக் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக் கேட்டார். பிறகு என் பக்கத்தில் வந்து, "ரொம்பச் சுத்தமா இருக்கு. ஆனா அது இல்லையே" என்றார்.

ஏன் சுத்தமாக இருக்கிறது என்று உனக்கும் எனக்கும் தெரியும். நீ விடுமுறைக்கு வந்திருந்தபோது, என் சிந்தசைசர் பெட்டியின் சத்தத்தை உங்கள் கம்பெனி மென்பொருளில் அப்படியே கொண்டுவரப் போகிறோம், அளவெடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டாய். சரி என்றேன். ஒத்திகைக்குப் போய்விட்டு வந்து பார்த்தால் மூடியைக் கழற்றி, உள்ளே இருந்த ஆறு போர்டையும் பெட்டியைச் செய்தவர்களின் புத்தகத்தில் போட்டபடி திருகிச் சரிசெய்து வைத்திருந்தாய். "இப்ப ஆறும் ஒண்ணு போல இருக்குக்கா, வாசிச்சுப் பாருங்க" என்று சிரித்துக்கொண்டு நின்றாய். வாசித்தேன். பல வருஷம் என்னோடு குடித்தனம் செய்த ஆள், என் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, "நீங்க யாரு?" என்று கேட்டதுபோல் இருந்தது.

அதன் பிறகு நான் பேசியதை நீயும் மறந்திருக்க மாட்டாய்.

நீ திருத்துவதற்கு முன்னால் எடுத்த பதிவு இன்னும் உன்னிடம் இருக்கிறதென்று உன் வீட்டுக்காரர் அவர் அண்ணனிடம் போனில் உளறியிருக்கிறார். இருந்தால், எந்தத் திருகை எந்தப் பக்கம் திருப்பினால் பழைய சத்தம் வரும் என்று எழுது. வேறொன்றும் கேட்கவில்லை.

பெரியவள்

பிப்ரவரி 15

மதிப்புக்குரிய பெரியவருக்கு,

(மேலே அடித்திருப்பது 'அக்கா'. பழக்கத்தில் எழுதிவிட்டேன்.)

நலமாக இருக்கிறோம். உங்கள் கொழுந்தனார் உளறவில்லை, நான்தான் சொல்லச் சொன்னேன். இயக்குநர் விஷயத்தை உங்கள் வீட்டுக்காரர் இவரிடம் சொன்னபோது நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நான் செய்தது தவறு என்று இன்னமும் என்னால் நினைக்க முடியவில்லை. பெட்டியைத் திறந்தபோது மின்சாரம் வரும் இடத்தில் ஒரு கண்டென்சர் உப்பி, அடியில் கசிந்திருந்தது. அன்று மாற்றியிருக்காவிட்டால் ஏதாவது ஒரு காட்சிக்கு நடுவில் புகைந்திருக்கும். அதை மாற்றினால் ஆறு போர்டையும் மறுபடி ஒழுங்குபடுத்தத்தான் வேண்டும். புத்தகத்தில் இருந்தபடி செய்தேன். உங்களைக் கேட்டுவிட்டுச் செய்திருக்கலாம். அது வேறு.

நீங்கள் சொன்னதும் எனக்கு மறக்கவில்லை. "என் வீட்டுல, என் சாமானைத் தொட நீ யாரு?" என்றீர்கள். அத்தை இருந்தார், இவர் இருந்தார், யாரும் வாய் திறக்கவில்லை. சாமானைத் தொட்டதற்குக் கோபப்பட்டது நியாயம். 'என் வீட்டுல' என்றீர்களே, அதுதான். நானும் அந்த வீட்டுக்கு வாழ வந்தவள்தான், உங்களைப்போலவே. என்ன, கொஞ்சம் பிந்தி வந்துவிட்டேன்.

போகட்டும். பதிவு இருக்கிறது. எதைத் தொடுவதற்கு முன்னாலும், இருப்பதை இருந்தபடி பதிந்துகொள்வது எங்கள் வேலை வழக்கம். 'திருத்துவதற்கு முன்', 'திருத்திய பின்' என்று இரண்டு ஃபோல்டர். நாங்கள் மென்பொருளைச் செய்தது இரண்டாவதை வைத்து. முதலாவதில் இருப்பதெல்லாம் பிழை என்று நினைத்தேன். மென்பொருள் வெளிவந்து, வாங்கியவர்கள் எழுதினார்கள்: "ரொம்பச் சுத்தமாக இருக்கிறது." உங்கள் இயக்குநரின் அதே வார்த்தை. அது பாராட்டு என்று கொஞ்ச நாள் நம்பிக்கொண்டிருந்தேன். பிறகு வாங்குவது நின்றுவிட்டது.

எங்கள் முதலாளி அதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார். 'பழமை' என்று ஒரு குமிழ். திருப்பினால் சுருதி கண்டபடி ஆடும், கூடவே கொஞ்சம் இரைச்சல் வரும். வயதானால் கை நடுங்கும், அவ்வளவுதான் முதுமை என்று நினைக்கிறார் போலிருக்கிறது. எனக்கு அது பிடிக்கவில்லை. வேறு என்ன செய்வதென்றும் தெரியவில்லை.

திருகு விஷயம் நீங்கள் நினைப்பதுபோல் நேரானது அல்ல. எவ்வளவு திருப்பினேன் என்பதற்குத் திருகில் அடையாளம் ஏதும் கிடையாது. பழைய பதிவை வைத்து மென்பொருளில் ஆறு போர்டையும் தனித்தனியாக, அன்றிருந்த கோணல்களோடு அமைக்கிறேன். அதுதானா இது என்று உங்கள் காது சொல்லட்டும். சரி என்றால், அந்த எண்களிலிருந்து திருகுகளுக்குக் கணக்கு வரும். முதல் பதிப்பை உங்கள் வீட்டுக்காரரின் மெயிலுக்கு அனுப்பியிருக்கிறேன். நிறுவுவது எப்படி என்று அவருக்குத் தெரியும்.

இப்படிக்கு,
சின்னவள்

பிப்ரவரி 24

சின்னவளுக்கு,

'மதிப்புக்குரிய பெரியவர்' என்று பார்த்ததும் எனக்குத் தலை முழுக்க நரைத்துவிட்டதுபோல் ஆகிவிட்டது. அடித்திருந்ததை விளக்கடியில் பிடித்துப் படித்தேன். நான் அதையே வைத்துக்கொள்கிறேன்.

என் வீட்டுக்காரர் கண்ணாடிக் கடையைச் சீக்கிரம் மூடிவிட்டு வந்து லேப்டாப்பில் எல்லாவற்றையும் மாட்டிக் கொடுத்தார். ஒரே ஒரு சுரம் அமுக்கினேன். கை முடி எழுந்து நின்றது. பக்கத்து அறையிலிருந்து அத்தை, "என்ன, பெட்டி சரியாயிடுச்சா?" என்று கேட்டார். அந்தக் காதுக்குப் பாத்திரம் விழுந்தால் கேட்காது, இது கேட்டிருக்கிறது. பூனை மட்டும் ஏமாறவில்லை. அதற்கு வெதுவெதுப்பு என்றால் சிந்தசைசரின் மூடிமேல் படுப்பது. லேப்டாப்பை முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது.

பிறகு இறுதிப் பாட்டை வாசித்தேன். அங்கேதான் இடிக்கிறது. எல்லாம் இருக்கிறது, ஆனால் எதுவும் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. குடும்பப் படம் எடுக்க எல்லோரும் வந்துவிட்டார்கள். மாமனார் இடத்தில் மருமகன், குழந்தை இடத்தில் அத்தை என்று மாறி நிற்கிறார்கள். முகமெல்லாம் நம் முகந்தான். ஏன் இப்படி என்று என்னைக் கேட்காதே. எனக்கு வாசிக்கத்தான் தெரியும், விளக்கத் தெரியாது.

பழைய ஒத்திகை டேப்புகள் வேண்டுமென்று உன் வீட்டுக்காரர் கேட்டாராம். பரணில் இருந்ததையெல்லாம் எடுத்து, அண்ணனும் தம்பியும் ஏதோ செய்து அனுப்பிவிட்டார்கள். நம் சண்டையில் நன்றாகச் சேர்ந்துகொண்டவர்கள் அவர்கள் இருவர்தான்.

கண்டென்சர் விஷயத்தை நீ அன்றைக்கே சொல்லியிருக்கலாம். சொல்ல விட்டீர்களா என்று திருப்பிக் கேட்காதே. தெரியும்.

பெரியவள்

மார்ச் 7

அக்காவுக்கு,

அடிக்காமல் எழுதியிருக்கிறேன்.

டேப்புகளை வேலைக்குப் போகும் ரயிலில், சாப்பாட்டு இடைவேளையில், துணி மடிக்கும்போது என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். ஒன்று கண்டுபிடித்திருக்கிறேன். அதை எழுதுவதற்கு முன், நீங்கள் இதைத் தெரிந்தேதான் செய்கிறீர்களா என்று எனக்குத் தெரிய வேண்டும்.

உங்கள் பெட்டி ஒரே நேரத்தில் ஆறு சுரம்தான் ஒலிக்கும். ஒரு சுரத்துக்கு ஒரு போர்டு. நீங்கள் விசையை அமுக்கினால் முதல் சுரம் முதல் போர்டுக்குப் போகும், அடுத்தது இரண்டாவதற்கு, ஆறு முடிந்தால் மறுபடி முதலிலிருந்து. பந்தியில் பரிமாறுவதுபோல் வரிசை மாறாது. நான் மென்பொருளில், அந்த நேரத்தில் எது சும்மா இருக்கிறதோ அதற்குக் கொடுத்துவிட்டேன். ஆறும் ஒன்றுபோல இருந்தால் அதில் வித்தியாசம் தெரியாது. உங்களுடையது அப்படி இல்லை. குறிப்பாக நாலாவது போர்டு. அதன் சுருதி ஒரு மயிரிழை இறங்கியிருந்தது. ஒலியை வடிகட்டும் அதன் ஃபில்டரும் சோம்பல், சுரம் மெல்லத்தான் கண் திறக்கும்.

இறுதிப் பாட்டில், பாடகி மூச்சை விட்டுவிட்டுக் கீழே இறங்கும் இடம் இருக்கிறதல்லவா? அங்கே விழுவது நாலாவது போர்டு. தற்செயல் என்று நினைத்தேன். அடுத்த டேப்பிலும் அப்படியே. அதற்கடுத்ததிலும். பாடகிக்கு ஜலதோஷம் பிடித்த நாளில்கூட, வேறு வேகத்தில் வாசித்தபோதுகூட, தவறவில்லை.

பின்னால் போய்ப் பார்த்தேன். பாட்டு தொடங்குவதற்குச் சற்று முன்னால், நீங்கள் சத்தக் குமிழை முழுக்க மூடியிருக்கும்போது, விசை அமுங்கும் வெறும் சத்தம் மைக்கில் விழுந்திருக்கிறது. டக், டக். இரண்டு முறை. நாடகத்தில் வரும் தோணிப் பாட்டுக்கு முன்னால் ஒரே ஒரு டக். குழந்தை வரும் காட்சிக்கு முன்னால் எதுவும் இல்லை. கணக்குப் போட்டுப் பார்த்தேன். முந்தைய பாட்டு எந்தப் போர்டில் முடிந்ததோ, அங்கிருந்து இந்தத் தட்டல்களால் வரிசையைத் தள்ளிவைக்கிறீர்கள், நாலாவது போர்டு அது விழவேண்டிய இடத்தில் விழுவதற்காக. ஒவ்வொரு பாட்டிலும்.

எண்ணித்தான் செய்கிறீர்களா? யார் சொல்லிக் கொடுத்தார்கள்? எனக்கு இது தெரிந்தே ஆகவேண்டும். வேலைக்காக இல்லை.

வரிசையைச் சரிசெய்த பதிப்பை இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.

சின்னவள்

மார்ச் 16

சின்னவளுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு, "இவளுக்கு வேலை அதிகமாகிக் காதில் ஏதேதோ கேட்கிறது" என்றேன். நான் எதையும் எண்ணவில்லை. யாரும் சொல்லியும் தரவில்லை. நான் தட்டுவதாகவே எனக்குத் தெரியாது.

என் வீட்டுக்காரர் ஒரு மூக்குக் கண்ணாடியின் காலை மாட்டிக்கொண்டிருந்தார். நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "ஆமா, எப்பவும் ரெண்டு தட்டுத் தட்டுவியே. விரல் உதறிக்கிறேன்னு நினைச்சேன்" என்றார்.

"எத்தனை வருஷமா?"

"எனக்குத் தெரிஞ்ச நாள்லேருந்து."

"ஏன் சொல்லல?"

"நீ தூக்கத்துல கூடத்தான் பேசுற. எல்லாத்தையும் சொல்லிக்கிட்டா இருக்க முடியும்?"

மறுநாள் ஒத்திகையில் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பார்த்ததும் வாசிப்பே வரவில்லை. படியில் இறங்கும்போது எந்தக் காலை முதலில் வைப்பது என்று யோசித்தால் உருள வேண்டியதுதானே. இயக்குநர் தலைவலியா என்று கேட்டார். அப்புறம் மறந்துபோய், தோணிப் பாட்டுக்கு முன்னால் என் சுண்டுவிரல் தானாக ஒரு விசையைத் தொட்டது. நானே பார்த்தேன். திருடனைக் கையும் களவுமாகப் பிடித்ததுபோல் இருந்தது.

அதற்குப் பிறகுதான் எனக்கு ஒன்று உறைத்தது. நீ திருத்திய பின்னும் இந்தக் கை தட்டிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. ஆறும் ஒன்றாகிவிட்ட பெட்டியில், இல்லாத ஒருத்தியைக் கூப்பிட்டுக்கொண்டு.

புதிய பதிப்பை வாசித்தேன். அதுதான் இது. வேறு சொல்வதற்கில்லை. பாட்டு முடிந்ததும் நான் எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

நான் வாசிப்பதைக் கேட்டு இத்தனை வருஷத்தில் நிறையப் பேர் கைதட்டியிருக்கிறார்கள், சிலர் கொட்டாவி விட்டிருக்கிறார்கள். நான் வாசிக்காமல் இருக்கும்போது என்ன செய்கிறேன் என்று ஒருவரும் கேட்டதில்லை. நீ துணி மடித்துக்கொண்டே கேட்டிருக்கிறாய்.

திருகுகளுக்கான கணக்கை அனுப்பு. லேப்டாப்பிலேயே வாசித்துவிடலாம் என்கிறார் இயக்குநர். எனக்கு அந்த விசைகளின் கனம் வேண்டும்.

பெரியவள்

மார்ச் 23

அன்புள்ள அக்கா,

கணக்கு தனித்தாளில் இருக்கிறது. பெட்டியைப் போட்டுவிட்டு, நன்றாகச் சூடேறும்வரை காத்திருங்கள். சூடேறுமுன் திருப்பினால் சூடானதும் எல்லாம் நகர்ந்துவிடும். மெல்லிய ஸ்க்ரூடிரைவர் வேண்டும், கண்ணாடிக் கடையில் இல்லாததா. ஒவ்வொரு போர்டிலும் சுருதிக்கு ஒரு திருகு, ஃபில்டருக்கு ஒரு திருகு, அவ்வளவுதான் தொடவேண்டும். அத்தானை டார்ச் மட்டும் பிடிக்கச் சொல்லுங்கள். உள்ளே கை வைக்க விடாதீர்கள்.

நீங்கள் எழுதியதை எத்தனையோ முறை படித்துவிட்டேன். இல்லாத ஒருத்தியைக் கூப்பிட்டுக்கொண்டு என்ற வரியில் நின்றுவிடுகிறேன். கண்டென்சரை மாற்றியதில் எனக்கு இன்னும் வருத்தமில்லை. ஆறையும் ஒன்றாக்கியதில் இருக்கிறது. எது பழுது, எது குணம் என்று அளவெடுக்கும் கருவிக்குத் தெரியாது. எனக்கும் தெரியவில்லை. உங்களிடம் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும், நீங்களும் விளக்கத் தெரியாது என்றுதான் சொல்லியிருப்பீர்கள், ஆனாலும் தெரிந்திருக்கும்.

இங்கே முதலாளிக்குப் போட்டுக் காட்டினேன். முதலில் 'பழமை'க் குமிழ், பிறகு உங்கள் ஆறு போர்டு. அவர் பொதுவாகப் பத்து விநாடிக்கு மேல் எதையும் கேட்கமாட்டார். இறுதிப் பாட்டு முழுவதும் உட்கார்ந்திருந்தார். "இதை அப்படியே வெளியிடலாம். இது யாரோட பெட்டி?" என்றார். எங்கள் அக்காவுடையது என்றேன். "சொந்த அக்காவா?" என்றார். ஓரகத்தி என்று சொன்னால் அவருக்கு விளக்க வேண்டியிருக்கும். ஆமாம் என்றுவிட்டேன்.

ஆனால் இந்த முறை கேட்காமல் தொடமாட்டேன். இதை விற்றால், எங்கேயோ, முகம் தெரியாத யார் யாரோ உங்கள் நாலாவது போர்டை வாசிப்பார்கள். உங்களுக்குச் சம்மதமா? வேண்டாமென்றால் வேண்டாம். அந்த ஃபோல்டர் என்னோடு இருந்துவிடும். முதலாளிக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

அன்புடன்,
சின்னவள்

ஏப்ரல் 4

சின்னவளே,

திருப்பியாயிற்று. ஞாயிற்றுக்கிழமை காலை, சன்னலை எல்லாம் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். உன் அத்தான் டார்ச்சைப் பிடித்த லட்சணத்துக்கு, அறையில் எல்லா இடத்திலும் வெளிச்சம் விழுந்தது, திருகில் தவிர. "அங்க இல்லீங்க, இங்க" என்று சொல்லிச் சொல்லித் தொண்டை வற்றிவிட்டது.

ஒன்றாவது, இரண்டாவது, மூன்றாவது, உன் கணக்குப்படி. ஐந்தும் ஆறும் அப்படியே. ஒவ்வொன்றாகத் திரும்பத் திரும்ப, ஊருக்குப் போயிருந்தவர்கள் வீடு திரும்புவதுபோல் இருந்தது. நாலாவதைக் கடைசியாக வைத்துக்கொண்டேன். உன் எண்ணுக்கே கொண்டுபோய் நிறுத்தினேன். வாசித்தேன். அச்சு அசல் அதுதான்.

அன்று மாலை ஒத்திகை. இறுதிப் பாட்டில் இடித்தது.

பெட்டியின் குற்றமும் இல்லை, உன் குற்றமும் இல்லை. பாடகி வேறு. முன்பு பாடியவளுக்கு ஊசிபோன்ற குரல், கீழ்ச் சுரத்துக்கு வந்தாலும் சுருதி மேலேயே நிற்கும். அவளுக்குக் கீழே இந்தப் போர்டு ஒரு மயிரிழை இறங்கி நின்றால் தாங்குவதுபோல் இருக்கும். இப்போது பாடுகிறவள் அந்த இடத்தில் தானே சுருதியில் கொஞ்சம் இறங்குகிறாள். குரலில் ஒரு களைப்பு, அழகான களைப்பு. அவளும் இறங்கி, நாலாவதும் இறங்கினால், இரண்டு பேரும் சேர்ந்து கிணற்றுக்குள் போகிறார்கள். அந்தப் பெண், "நான் தப்பாப் பாடுறேனா?" என்று கேட்டாள். முகம் வாடிவிட்டது.

வீட்டுக்கு வந்து மூடியைத் திறந்து, நாலாவதைக் கொஞ்சம் ஏற்றினேன். நீ அன்று புத்தகப்படி வைத்த இடம் இல்லை, பழைய இடமும் இல்லை. அவளுக்கு வேண்டிய இடம். மறுநாள் பாடி முடித்ததும் ஒன்றும் சொல்லாமல் என்னைப் பார்த்து ஒரு தலையசைப்பு. எனக்கு அது போதும்.

இதைச் செய்தபோதுதான் நினைத்துக்கொண்டேன். நீ அந்த ஃபோல்டரை வைத்திராவிட்டால் எனக்கு இந்தத் திருகைத் தொடத் துணிவு வந்திருக்காது. பழையது எங்கேயும் போய்விடாது என்று தெரிந்ததால்தான் கை நீண்டது.

விற்கலாமா என்று கேட்டாய். விற்றுக்கொள். யாரோ எங்கேயோ வாசிக்கட்டும். வரிசையை மட்டும் மாற்றாதே. பக்கத்தில் அந்தப் 'பழமை'க் குமிழை வைத்தாயோ, சம்மதம் ரத்து.

முதல் காட்சி பதினெட்டாம் தேதி, மதிய ஆட்டம். தகவலுக்குச் சொன்னேன்.

பெரியவள்

ஏப்ரல் 19

சின்னவளே,

மூன்றாவது வரிசை, ஓர நாற்காலி, பச்சைச் சட்டை. மேடையிலிருந்து ஒன்றும் தெரியாது என்று நினைத்துக்கொண்டாயா? இறுதிப் பாட்டுக்கு முன்னால் விளக்கு கொஞ்சம் ஏறும். அப்போது பார்த்தேன். அந்த நேரத்திலும் கை தட்டவேண்டியதைத் தட்டிவிட்டது, நல்லவேளை.

திரை விழுந்ததும் பின்வாசல் வழியாக ஓடிவந்தேன். கூட்டத்தில் பச்சைச் சட்டை யாரும் இல்லை. இயக்குநர் என்னைத் தேடிக்கொண்டிருந்தார், பூங்கொத்தும் கையுமாக. நான் வாசலில் நின்றுகொண்டிருந்தேன்.

ஏன் பேசாமல் போனாய்?

பெரியவள்

ஏப்ரல் 25

அன்புள்ள அக்கா,

ஏன் என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை. தெரிந்த அளவுக்கு எழுதுகிறேன்.

இவருக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. தனியாக வந்தேன். ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஓர் அறை எடுத்தேன். நம் வீடு இருக்கும் ஊரில் ஹோட்டல் வரவேற்பறையில் நின்று முகவரி எழுதிக் கொடுத்தபோது, அந்தப் பெண், "முதல் தடவையா வர்றீங்களா?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். இப்போதெல்லாம் எதற்கும் ஆமாம் சொல்லிவிடுகிறேன்.

காலையில் வீட்டுக்குத்தான் முதலில் வந்தேன். தெருமுனையில் இறங்கி நடந்தேன். வேலிக்கு வேறு வர்ணம் அடித்திருக்கிறீர்கள். நீங்கள் அரங்கத்துக்குப் போயிருப்பீர்கள் என்று தெரியும். அத்தை மட்டும் இருப்பார் என்று தெரியும். அதனால் சுலபமாக இருக்கும் என்று நினைத்தேன். பெல்லுக்குப் பக்கத்தில் விரலைக் கொண்டுபோனேன். அடித்தால், கதவு திறந்தால், நான் விருந்தாளியா, வீட்டு ஆளா? உட்காரச் சொல்வார்களா, நானாக உட்காரலாமா? இப்படி அற்ப விஷயங்கள். யாராவது பார்த்திருந்தால் வழி தவறிவிட்ட கூரியர் என்று நினைத்திருப்பார்கள். கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பிவிட்டேன்.

பாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாலாவது போர்டு வரும் இடத்தை உங்களைவிட நான் அதிக முறை கேட்டிருப்பேன். அடுத்து என்ன வரும் என்று எனக்கு மனப்பாடம். ஏற்றியதாக நீங்கள் எழுதியிருந்தும், அது வந்தபோது, எனக்குத் தெரிந்த சுரம் இல்லை. கொஞ்சம் மேலே, அந்தப் பெண்ணின் குரலுக்குப் பக்கத்தில், தோளில் கை போட்டதுபோல். என்னிடம் அந்தச் சுரத்துக்குப் பதிவும் இல்லை, எண்ணும் இல்லை. அதை நான் சும்மா கேட்டேன். எத்தனையோ நாளுக்குப் பிறகு ஒன்றைச் சும்மா கேட்டேன்.

உங்களைப் பார்த்தால் என்ன பேசியிருப்பேன் என்று தெரியவில்லை. அதுதான் காரணமாக இருக்கும்.

அன்புடன்,
சின்னவள்

மே 2

சின்னவளே,

உன் கடிதத்தைச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து சத்தமாகப் படித்தேன். இங்கே ரகசியம் ஒன்றுமில்லை. நீ எழுதுவதையெல்லாம் இவர்களுக்குப் படித்துக் காட்டிவிடுவது வழக்கமாகிவிட்டது. பெல்லுக்குப் பக்கத்தில் விரல் என்ற இடத்தில் அத்தை தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. முடித்ததும் சொன்னார்:

"வந்தா. நின்னா. போனா. சன்னல்லேருந்து பார்த்தேன்."

கடிதத்தைக் கீழே வைத்தேன். "பார்த்தீங்களா? கூப்பிட வேண்டியதுதானே அத்தை?"

"கூப்பிட்டிருப்பேன். நீ வந்து என்ன சொல்லுவியோன்னு இருந்துட்டேன்."

குறையாகச் சொல்லவில்லை. நாளைக்கு மழை வரும் என்பதுபோலச் சொன்னார். சொல்லிவிட்டுத் தண்ணீர் குடித்தார். உன் அத்தான் என் முகத்தைப் பார்க்காமல் எழுந்துபோய்க் கை கழுவினார்.

அத்தை கட்டிய வீடு அது. தன் வீட்டுக் கதவைத் தன் மருமகளுக்குத் திறந்துவிட, இன்னொரு மருமகளுக்குப் பயந்து சன்னலோரம் நின்றிருக்கிறார். அந்த மருமகள் நான். உன்னிடம் அன்று சொன்னது உனக்கு மட்டும்தான் கேட்டது என்று நினைத்திருந்தேன். வீட்டில் எல்லோருக்கும் கேட்டிருக்கிறது, இரண்டு வருஷமாகக் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. யாரும் என்னிடம் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

நீ வா என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுதிப் பார்த்தேன், நன்றாக இல்லை. உள்ளே உட்கார்ந்துகொண்டு, கதவு திறந்திருக்கிறது வந்துகொள் என்று சொல்வதுபோல் இருந்தது. நீ ஏற்கெனவே வாசல்வரை வந்துவிட்டாய். இனி வரவேண்டியது நாங்கள்.

நாடகம் இந்த வாரக் கடைசியோடு முடிகிறது. பதினான்காம் தேதிக் காலை ரயிலில் மூன்று டிக்கெட் எடுத்துவிட்டோம். அத்தையும் வருகிறார். உட்கார்ந்து அவ்வளவு தூரம் வர முடியுமா என்று கேட்டதற்கு, "அவ தனியா வந்துட்டுப் போயிருக்கா, எனக்கென்ன" என்கிறார். கடையை ஒரு வாரம் மூடுவதாக உன் அத்தான் பலகை எழுதி மாட்டிவிட்டார். உன் வீட்டில் எங்கே உட்காரலாம், எதைத் தொடலாம் என்று நீ சொல். நான் கேட்டு நடந்துகொள்கிறேன். கேலிக்குச் சொல்லவில்லை.

நீங்கள் இருப்பது நாலாவது மாடி என்று உன் வீட்டுக்காரர் சொன்னார். அத்தைக்கு முழங்கால் ஒத்துக்கொள்ளாது. லிஃப்ட் வேலை செய்கிறதா என்று உடனே எழுது. இல்லையென்றால் பரவாயில்லை, ஒவ்வொரு மாடிக்கும் ஒரு நாற்காலி போட்டுவை. உட்கார்ந்து உட்கார்ந்து வந்துவிடுகிறோம்.

அக்கா